இரவில் புல் உண்டா என்று கேளுங்கள்

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்குள் திரும்பினால் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. குதிரை சொந்தம், கட்டி வைக்க இடமில்லை என்பவர்கள் மாதக் கட்டணம் கொடுத்து விட்டுவைக்கும் இடம். சவாரிப் பயிற்சியும் நடக்கிறது. என் மகளின் குதிரை இங்கேதான் நிற்கிறது; ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் லாயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். பாராட்டோடு குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். தேடுகிறவர்களுக்கு எது என்று தெரிந்துவிடும்.

நான் பரம்பரைக் குதிரைக்காரன் அல்ல. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். குதிரை, மகளின் ஆசை. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவாரிப் பெண்குதிரை. செம்பழுப்பு நிறம், நுனி உள்நோக்கி வளைந்த காதுகள், பெயர் பவளம். மகள் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டாள். குதிரையும் அதன் ரசீதுகளும் என்னிடம் தங்கிவிட்டன. எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததைவிடப் பதிவேட்டைப் பற்றித் தெரிந்தது அதிகம். லாயம் தேடும்போது கை கொடுத்தது அதுதான்.

முதலில் விட்டுவைத்திருந்த லாயம் பார்வைக்கு மிக அழகானது. குளிர்சாதனம் போட்ட வரவேற்பறை, வெட்டிவிட்ட புல்தரை, சுவர் முழுக்க வெள்ளைக் குதிரை ஓவியம். ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் உடல் வெப்பம், சாணம், தண்ணீர் என்று கட்டம் போட்ட அட்டை தொங்கும். அந்த அட்டைதான் எனக்கு உறுத்தியது. மாதம் முழுவதும் வெப்பம் ஒரே எண், ஒரே பேனா, எழுத்தும் ஒரே சாய்வு. நல்ல உடல்நிலையில் உள்ள குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வெப்பம் இருக்கலாம். காலையில் சற்றுக் குறையும், மாலையில் ஏறும், ஓடிவிட்டு வந்தால் இன்னும் ஏறும். முப்பது நாளும் சரியாக நூறு என்றால் அது மாதக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியது. சரக்கு இருப்புப் பதிவேட்டை இப்படி நிரப்பும் செயலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அங்கே மாலை ஆறு மணிக்குத் தீனி வைத்தால் அடுத்தது மறுநாள் விடிந்த பிறகுதான். இடையே ஒரு கைப்பிடி புல் கூடக் கிடையாது. மாட்டுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது, அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். குதிரைக்கு அசைபோடும் வசதி இல்லை. அதன் இரைப்பை உடலைப் பார்க்கச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெளியில் மேயவிட்டால் ஒரு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி அது. பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக நிறுத்திவிட்டு விடிந்ததும் தவிட்டையும் கொள்ளையும் கொட்டினால் வயிறு என்ன செய்யும்? வலிக்கும்.

வலித்தது. ஒருநாள் விடிகாலையில் பவளம் முன்காலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, கழுத்தெல்லாம் வியர்வை. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பையன்கள் தலையைத் தூக்கிப் பிடித்து பாட்டிலில் எண்ணெய் புகட்ட முயன்றுகொண்டிருந்தார்கள். மருத்துவர் வந்தவுடன் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் பிடுங்கினார். அப்படி ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலியில் பிழைக்கும் குதிரையும் அதில் செத்துவிடும் என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத் தேங்கியதை இறக்கினார். வலிக்கு ஊசி போட்டார். மதியத்துக்குள் சாணம் போட்டது, நாங்களும் மூச்சு விட்டோம். அன்றைய அட்டையிலும் வெப்பம் நூறு என்றே எழுதியிருந்தது. அந்த மாதம் முடிந்ததும் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே இந்த லாயத்தில் நான் கேட்ட முதல் கேள்வி, இரவில் புல் உண்டா என்பதுதான். உண்டு என்று சொல்வதற்கு யாருக்கும் காசு செலவாகாது. அதனால் ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றேன். தணிக்கையில் பழகிய பழக்கம்.

லாயத்தில் ஒரு விளக்குதான் எரிந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாக்கில் உட்கார்ந்து வலைப்பைகளில் காய்ந்த புல்லைத் திணித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பையையும் ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டி, முள் நிற்கும் வரை காத்திருந்து, சுவரில் கரியால் குறித்துக்கொண்டார். வலையின் கண்கள் இரண்டு விரல் நுழையும் அளவுதான் இருந்தன. பெரிய கண்ணாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். சின்னக் கண்ணில் ஒவ்வொரு இழையாகப் பிடுங்க வேண்டும், நள்ளிரவு தாண்டியும் வாய் ஓடும் என்றார். பவளத்தின் பையைத் தரையிலிருந்து அதன் மார்பு உயரத்தில் கட்டினார். இன்னும் தாழக் கட்டினால் காலியான வலையில் குளம்பு மாட்டிக்கொள்ளும். அடுத்த கொட்டடிக் குதிரைக்குப் பை சின்னதாக இருக்கிறதே என்றேன். "அது மட்டக் குதிரை ஐயா, ஏற்கெனவே கழுத்தில் கொழுப்புக் கட்டியிருக்கிறது, அதற்கு இவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்திருப்பேன்.

எவ்வளவு புல் என்பதற்கு இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். எடைமேடை கிடையாது, நாடாதான். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பின்தொடையின் கடைசி எலும்பு வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். அளவு சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். பவளத்துக்கு மார்பு 165, நீளம் 150. எடை ஏறத்தாழ 344 கிலோ வருகிறது. அதில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த புல் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு கிலோ. கொழுக்கட்டைப்புல், கொஞ்சம் குதிரைமசால், கிடைக்காத மாதங்களில் நன்றாக முற்றிக் காய்ந்த சோளத்தட்டு. இளம் சோளப் பயிரை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. வைக்கோல் போடுவார்கள், ஆனால் அதை உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே எடைக் கணக்கால் எனக்கு ஓர் அவமானமும் நேர்ந்தது. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏறக்கூடாது என்பது இவர்களின் விதி. 344 கிலோவுக்கு அது 69 கிலோ. என் குதிரையில் ஏற எனக்கே அனுமதி இல்லை. வரும் கூட்டத்தைக் குண்டு ஒல்லி பார்க்காமல் ஏற்றிக் காசு பார்க்கும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. சொந்தக்காரனையே தடுத்து நிறுத்தும் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனைவிக்கு இன்னும் அதிகமாகப் பிடித்திருக்கிறது.

தானிய விஷயத்தில் நானும் லாயமும் ஒத்துப்போகச் சில நாள் ஆனது. குதிரை என்றால் கொள்ளு என்று நம் ஊரில் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கொள்ளுக்கு வாயைத் திறக்கும், கடிவாளத்துக்கு வாயை மூடும் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். இங்கே கொள்ளு உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, அளந்து, வேலை செய்யும் குதிரைக்கு மட்டும். நாள் முழுவதும் நிற்கும் குதிரைக்குத் தானியத்தைக் கூட்டினால் குளம்புக்குள் அழற்சி வரும். குளம்பு சுடும், குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும். முற்றிவிட்டால் மீட்பது கடினம். தவிட்டையும் கையளவோடு நிறுத்துகிறார்கள். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து சொற்பம். அதையே மூட்டை மூட்டையாகக் கொடுத்தால் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும், முகத்தெலும்பு வீங்கும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அதைச் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள்.

தீவன அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: கோழித் தீவனம் உள்ளே வரக்கூடாது. பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகள் நிறைந்த எங்கள் வட்டாரத்துக்கு இது மிகத் தேவையான எச்சரிக்கை. கோழிகளின் குடல் நோயைத் தடுக்க மோனென்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பது உண்டு. கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவு, குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மிச்சமான மூட்டையை அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும் பக்கத்துத் தோட்டக்காரரை வாசலிலேயே நிறுத்த வேண்டிய காரணம் இதுதான். மாட்டுத் தீவனத்தையும் இவர்கள் உள்ளே விடுவதில்லை.

தண்ணீர், உப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானாக நிரம்பும் தொட்டி இல்லை, வாளிதான். முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். வாளியானால்தான் எவ்வளவு குடித்தது என்று தெரியும் என்கிறார்கள். 25 லிட்டருக்குக் கீழே போனால் அன்று மாலை சாணத்தை உற்றுப் பார்க்கிறார்கள். கல்லுப்பு தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும்.

படுக்கை, தென்னைநார்க் கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. மூத்திரத்தை நன்றாக உறிஞ்சுகிறது. ஈரம் தெளிக்காமல் கொட்டினால் தூசி கிளம்பி இருமல் வருகிறது, அதைச் சொல்லி ஒருமுறை சண்டை போட்டேன், இப்போது தெளிக்கிறார்கள். எந்த லாயத்துக்குப் போனாலும் நின்றபடி மோந்து பார்த்துவிட்டு நாற்றமில்லை என்று சொல்லாதீர்கள். குந்தி உட்கார்ந்து தரைக்கு ஒரு முழத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். குதிரை படுத்திருக்கும்போது அதன் மூக்கு அங்கேதான் இருக்கும். முந்தைய லாயத்தில் அந்த உயரத்தில் கண்ணில் நீர் வந்தது. இங்கே வரவில்லை.

குளம்பு பற்றி விரிவாகவே எழுத வேண்டும். இந்த லாயத்தின் நிஜமான சொத்து லாடம் கட்ட வருபவர்தான். ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். வந்தவுடன் கருவிப் பையைத் திறப்பதில்லை. குதிரையைச் சிமெண்டுத் தரையில் நடத்தச் சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். பார்க்காமல் எதற்கு நடத்தச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்கிறாராம். நான்கு காலும் ஒரே ஓசையில் விழ வேண்டும். ஒன்று மெதுவாக விழுந்தால் அந்தக் காலில் வலி. அதன் பிறகு எதிரே நின்று பார்க்கிறார், பின்னால் நின்று பார்க்கிறார், கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்து நாடி பார்க்கிறார். அங்கே நாடி தெறித்தால் குளம்புக்குள் ஏதோ கோளாறு.

பவளத்தின் முன்குளம்புகள் வந்தபோது நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து கிடந்தன. முந்தைய இடத்தில் ஒரே அளவு லாடத்தை எல்லாக் குதிரைக்கும் வைத்து, லாடத்துக்கு வெளியே நீட்டிய குளம்பை அரத்தால் ராவியிருக்கிறார்கள். இவர் குளம்பை முதலில் சமன் செய்து, பிறகு லாடத்தைப் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி அந்தக் குளம்பின் வடிவுக்குக் கொண்டுவருகிறார். ஆணி அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் சத்தம் மாறுகிறது. கெட்டியான சுவரில் ஏறும்போது கணீரென்று இருக்கும் ஒலி மந்தமானால் உயிருள்ள பகுதிக்கு அருகே போகிறது என்று அர்த்தம், உடனே பிடுங்கிவிடுகிறார். ஆணி முனை குளம்புச் சுவரில் வெளியே வந்ததும் முறித்து, மடக்கி, அரத்தால் தடவி, கடைசியில் உள்ளங்கையால் சுற்றிலும் வழித்துப் பார்க்கிறார். கையில் உறுத்தினால் மறுபடி அரம். ஒரு காலுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

குளம்பு மாதத்துக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே கெட்டுப்போன நுனி முழுதாகப் புதுப்பிக்க ஏறத்தாழ ஓர் ஆண்டு. "அவசரப்பட்டு ஒரே தடவையில் வெட்டினால் நடை போய்விடும் சார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னபடியே கொண்டுவந்தார். போன முறை பின்கால் இரண்டுக்கும் லாடமே வேண்டாம் என்றார். மண் தரையில் மட்டும் வேலை செய்யும் குதிரைக்கு வெறும் குளம்பே போதுமாம். தன் கூலியில் பாதியைத் தானே குறைத்துக்கொண்டவரை என் உத்தியோக வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் குளம்பின் அடியில் இருக்கும் முக்கோணப் பகுதி அழுகும். கறுப்பாகக் குழைந்து, நாற்றம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தினமும் இருவேளை கொக்கியால் நோண்டிச் சுத்தம் செய்கிறார்கள். குதிகாலிலிருந்து நுனி நோக்கித்தான் கொக்கி போகிறது. காயவைத்து மருந்து தடவிய பிறகுதான் கொட்டடிக்குள் விடுகிறார்கள். மண் சோதனை ஒன்றும் மாதாமாதம் உண்டு. இரண்டு மூன்று சாண உருண்டைகளைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் கரைத்து வைத்தால், குதிரை புல்லோடு தின்ற மண் அடியில் படியும். படிவு கனமாக இருந்தால் தரையில் தீனி கொட்டுவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மண் குடலில் சேர்ந்து வலி வரும். இப்படி ஒரு சோதனை இருக்கிறது என்பதே எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

பயிற்சியைப் பார்த்துக்கொள்வது ஓர் இளம்பெண். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. பவளத்துக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. கடிவாளம் போட்டால் தலையை உதறும். லாரியைக் கண்டால் ஏறாது. முந்தைய இடத்தில் இதைத் திமிர் என்றார்கள். அந்தியூரிலேயே சிலர் நெற்றியில் இருக்கும் சுழியைப் பார்த்துவிட்டு இது அடங்காது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சுழி பார்க்கும் நேரத்தில் வாயைத் திறந்து பார்த்திருக்கலாம். இந்தப் பெண் முதல் நாளே சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரை வரச் சொன்னார். குதிரையின் பல் வாழ்நாளின் பெரும்பகுதி வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது தேய்வது ஒரே சீராக இல்லாமல் மேல்தாடையில் வெளி விளிம்பும் கீழ்த்தாடையில் உள் விளிம்பும் கூர்மையாகிவிடும். பவளத்தின் கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. மயக்கமருந்து லேசாகக் கொடுத்து, வாயைத் திறந்து வைத்து, நீண்ட அரத்தால் ராவினார்கள். புண் ஆறிய பிறகு கடிவாளம் போட்டால் தலை அசையவில்லை. சுழி அப்படியேதான் இருக்கிறது.

லாரிக்கு நாள் பிடித்தது. மினி லாரியைத் திடலில் நிறுத்தி, சாய்பலகையை இறக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இழுக்க மாட்டார், கயிற்றில் லேசான இறுக்கம் மட்டும். பவளம் ஓர் அடி எடுத்து வைத்த நொடியில் கயிறு தளரும். பின்னால் போனாலும் அடி இல்லை, மறுபடி அதே லேசான இறுக்கம். ஒரு குளம்பைப் பலகையில் வைத்த அன்று அத்தோடு முடித்துக்கொண்டு கொட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூலி கொடுக்கும் எனக்கு அது பாதி வேலையாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் தானாகவே முழுக்க ஏறி நின்று, உள்ளே கட்டியிருந்த புல்லைத் தின்னத் தொடங்கியது. நள்ளிரவில் அவசரமாக மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டி வந்தால் இந்தப் பாடத்தின் அருமை தெரியும். ஆட்டம் ஆடும் குதிரையாகப் பழக்கித் தரக் கேட்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. கேட்டால் நேராகவே மறுத்துவிடுகிறார்கள்.

இனி குறைகள்.

முதலாவதும் பெரியதும், புதிதாக வரும் குதிரைக்குத் தனிக் கொட்டடி இல்லை. ஆடி முடிந்ததும் சந்தையில் வாங்கிய குதிரைகள் நேராக இங்கே வந்து மற்றவற்றோடு நிற்கின்றன. பல மாநிலக் குதிரைகள் மூக்கோடு மூக்கு உரசிய இடத்திலிருந்து வருபவை அவை. மூன்று வாரமாவது தள்ளிக் கட்டி, தினமும் வெப்பம் பார்த்து, தனி வாளி, தனித் தூரிகை வைத்திருக்க வேண்டாமா? தாடைக்கடியில் கட்டி வந்து மூக்கில் சீழ் ஒழுகும் ஸ்ட்ராங்கிள்ஸ் ஒரு குதிரைக்கு வந்தால் லாயம் முழுவதும் பரவும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கொல்ல வேண்டியதுதான். புதிய குதிரைக்கு ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கச் சொன்னேன். கேட்கிறோம் என்றார்கள். கோப்பைப் பார்த்தேன், பாதிப் பேருக்கு இருக்கிறது.

சாணக் குவியல் கொட்டடிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. மழை விட்டதும் ஈ மொய்க்கிறது. கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா நோயைப் பரப்புபவை. விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தச்சோகை, அடிவயிற்றிலும் கால்களிலும் வீக்கம் என்று குதிரையை உருக்கிவிடும். 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தது இதே துணைக்கண்டத்தில், பஞ்சாபில்தான். குவியலைத் தோப்பின் மறுகோடிக்குத் தள்ளுவது ஒரு வண்டிக் கூலி வேலை.

குதிரைகளைத் திறந்த வெளியில் விடும் நேரமும் குறைவு. காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தைத் திருமணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பட்டுப்புடவையும் புகைக் குண்டுமாக அவர்கள் நிற்க, குதிரைகள் உள்ளே நின்று வேடிக்கை பார்க்கின்றன.

கட்டணம் மாதம் 16,000 ரூபாய். புல், தானியம், படுக்கை, ஆள் கூலி இதில் அடங்கும். லாடம், பயிற்சி, மருத்துவர், ஆண்டுதோறும் போட வேண்டிய டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசிகள் தனி. டெட்டனஸ் கிருமி எளிதில் வீழ்த்தும் பிராணிகளில் குதிரைக்குத்தான் முதலிடம், அதனால் அந்தச் செலவில் எனக்கு முணுமுணுப்பு இல்லை. குடற்புழு மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல் சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறார்கள். என் தகராறு எல்லாம் பில்லின் கடைசி வரியோடுதான். "இதர" என்று எழுதி ஒரு தொகை. இதர என்றால் என்ன என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும் வேறு விளக்கம் வருகிறது. விளக்கங்கள் நம்பும்படியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்தச் சொல்லை ஒரு தணிக்கைக்காரனிடம் நீட்டக்கூடாது.

இங்கும் கொட்டடி வாசலில் அட்டை உண்டு. அதில் எண்கள் ஏறி இறங்குகின்றன, மை மாறுகிறது, நடுவே ஒரு நாள் வெறுமையாகக் கிடக்கிறது. அன்று பெரியவர் பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தாராம். இட்டு நிரப்பாமல் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த லாயத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடுவதில் அந்த வெற்றுக் கட்டத்துக்கும் பங்கு உண்டு.

கோவை நகரத்துக்குள் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு சங்கடம். மழை பெய்தால் தோப்புக்குள் வரும் மண் பாதையில் கார் புதையும். சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். ஞாயிறு வேண்டாம். வார நாளில் மாலை ஆறரைக்கு மேல் போனால் புல் நிறுப்பதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள் தலைக்கவசத்தைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போவது நல்லது. அங்கே இருப்பவை பழசு.

தனிக் கொட்டடியை ஆடிக்குள் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செங்கல் வந்து இறங்கியிருக்கிறது, கொத்தனார் வரவில்லை. கட்டி முடித்தால் இதே மதிப்புரையில் சேர்த்து எழுதுகிறேன். கட்டாமல் சந்தைக் குதிரைகளை மறுபடியும் உள்ளே விட்டால் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அதையும் எழுதுவேன்.